வேனில் வெப்பமும் நம் சத்திரமும்

(நம் சங்கத்தின் தை மாதப் பொதுக்கூட்டத்தில், திருவண்ணாமலைச் சத்திரத்துக் கூடத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதன் ஒருவன் கட்டடத்தைப் பற்றிப் பேச வந்தது என்னையென்று உங்களிற் சிலர் ஐயுறுதல் கூடும். ஐயம் நேரியதே. யான் கொத்தனும் அல்லேன், என்ஜினீயரும் அல்லேன். ஆயினும், நம் நிர்வாக சபையார் இச் சத்திரத்தை முழுதும் இடித்துவிட்டு, கண்ணாடி முகப்பும் குளிர்சாதனமும் அமைந்த திருமண மண்டபம் ஒன்று எடுக்கலாமாவென்று ஆராய்ந்து வருகின்றனர் என்பதும், அதன்பொருட்டு வரைபடம் ஒன்று வந்திருக்கின்றதென்பதும் நீங்கள் அறிந்தனவே. அப்படத்தைச் சபையார் அன்புகூர்ந்து எனக்கும் காட்டினர். பார்த்தபின் வாய்மூடி இருத்தல் எனக்கு இயலவில்லை. பின்கட்டின் மேன்மாடியில் இருக்கும் மாணவர் விடுதியில் மாலைதோறும் பாடஞ் சொல்லி வருகின்றவன் யான். அவ்வுரிமை ஒன்று கொண்டே பேசத் துணிந்தேன்.

இச்சத்திரம் இருவேறு காலத்துக் கட்டடம். நாம் இப்பொழுது அமர்ந்திருக்கும் இக்கூடமும் முற்றமும் முன்வாயில் திண்ணையும் நம் பாட்டனார் காலத்தவை. சுண்ணாம்புச் சாந்தும், ஒன்றரை அடிக் கனத்துச் செங்கற் சுவரும், தேக்கு விட்டமும் உடையவை. பின்கட்டோ பிற்காலத்தது, கான்கிரீட்டுத் தளமும் ஒற்றைச் செங்கற் சுவரும் உடையது. ஊர் ஒன்று; தெரு ஒன்று; காய்கின்ற ஞாயிறும் ஒன்று. அங்ஙனமிருந்தும், அக்கினி நட்சத்திரத்து நண்பகலில் இக்கூடத்தில் ஒருவர் விசிறி மட்டையோடு அமர்ந்து இளைப்பாறலாம். பின்கட்டு மேன்மாடியிலோ இரவு பத்து மணிக்கும் படுக்கவியலாது. பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகின்றனர். அங்குத் தளம் சுடுகின்றதென்று நீர் தெளித்து, அது காயும்வரை நின்றுகொண்டே படிக்கின்றனர். பங்குனி, சித்திரையிலன்றோ அவர்கட்குத் தேர்வு வருகின்றது? இந்த வேறுபாடு எதனால் வந்தது என்னும் வினாவே இன்றைய என் பேச்சின் பொருள். இதற்கு விடை தெரியாமல் புது மண்டபம் எடுப்போமாயின், பின்கட்டையே பத்து மடங்கு பெரிதாக்கி எடுத்தவர்களாவோம்.

முதலில் ஞாயிற்றின் வழியைக் காண்போம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகை 14 கலையில் இருக்கின்றது. ஆதலின் சித்திரை பத்தாம் நாளளவில், அஃதாவது ஏப்பிரல் 23-ஆம் தேதியையொட்டி, ஞாயிறு நண்பகலில் நம் உச்சிக்கு நேரே நிற்கும். நட்ட கோலுக்கு நிழல் விழாது. அதன்பின் நான்கு திங்கள் வடக்கே சாய்ந்து சென்று, ஆவணி முதல் வாரத்தில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே செல்லும். மார்கழியில் உச்சியினின்றும் தெற்கே 35 பாகைக்கு மேல் தாழ்ந்து நிற்கும். இதனால் விளைவது யாது? கோடைக்காலத்தில் வெயிலை மிகுதியாக வாங்குவது கூரை. அதற்கடுத்தது, காலையிற் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும். தெற்குச் சுவரும் வடக்குச் சுவரும் வாங்குவது மிகச் சிறிதே. இரண்டடி நீண்ட சன்ஷேடு ஒன்று அவற்றைக் காத்துவிடும். தாழ்ந்து வரும் மாலை வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. நம் ஊரில் கோயிலை அடுத்த வீதிகட்கு மேற்கே மலை நிற்றலின் பொழுது சிறிது முன்னரே சாய்கின்றது என்பது மெய்யே. ஆயினும் மலை ஞாயிற்றை மறைக்கும் முன்னரே மேற்குச் சுவர் காய்ந்து முடிந்துவிடுகின்றது. நம் பின்கட்டின் நீண்ட சுவர் மேற்கு நோக்கியது என்பதை நினைவிற் கொள்க.

இனிக் கூரை. இக்கூடத்தின் மேலே அண்ணாந்து பாருங்கள். தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் கோணலாக அடுக்கிச் சுண்ணாம்பிற் பொதிந்திருக்கின்றனர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் நாட்கணக்கில் இடித்து இறுக்கிய தளம். இடிக்கும்பொழுது கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் தெளிப்பர். அதன்மேல் தட்டோடு. சென்னைத் தளமென்று என்ஜினீயர்கள் இதற்குப் பெயரிட்டு நூல்களில் எழுதிவைத்திருக்கின்றனர். செங்கல் ஜல்லியில் காற்றுத் துளை மிகுதி. ஆதலின் வெப்பம் விரைந்து ஊடுருவுவதில்லை. கனமும் மிகுதி, ஆதலின் நண்பகல் வெப்பம் உள்ளே வந்து சேருமுன் பொழுதும் சாய்ந்துவிடுகின்றது.

பின்கட்டின் தளமோ ஐந்தங்குலக் கான்கிரீட்டு. கான்கிரீட்டு வெப்பத்தை எளிதிற் கடத்தும். அதன்மேல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தல் வழக்கமாயிருக்க, செலவு மிகுமென்று அவ்வேலையை அந்நாளில் விட்டுவிட்டனர். மேற்பரப்போ மழையாலும் பாசியாலும் கறுத்துப் போயிற்று. கறுத்த தளம் பகல் முழுதும் வெயிலைக் குடித்து, சில மணி நேரம் தாழ்த்துக் கீழே விடுகின்றது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து புத்தகம் எடுக்கும் நேரமே அந்நேரம். அடுப்பின் எதிரே நிற்பான் ஒருவன் இடையில் உள்ள காற்றினாற் சுடப்படுவதில்லை, நெருப்பின் முகத்தினாலேயே சுடப்படுகின்றான் அன்றோ? அதுபோலத் தளமே அடுப்பாகிப் பிள்ளைகளின் தலைமேற் கவிழ்ந்திருக்கின்றது. மின்விசிறி அத்தளத்தை ஒட்டிய சூட்டுக் காற்றைக் கீழே தள்ளுகின்றது, வேறொன்றும் செய்யமாட்டாது.

நம் முன்னோர் இவற்றை அறியாதவரல்லர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர், அரசனது மனை எடுக்கும்பொழுது ஞாயிறு ஒருபுறமும் சாயாத நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்து, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை வகுத்ததைக் கூறுகின்றார். உரைகண்ட நச்சினார்க்கினியர் அந்நாளைச் சித்திரைத் திங்களில் வைத்து உரைப்பது கருதத்தக்கது. அப்பாட்டிலேயே வேனிற்பள்ளி என்று ஒரு படுக்கையிடம் வருகின்றது; தென்றலை உள்ளே விடுதற்கென்று அமைத்த சாளரம் உடையது அது. கூதிர்க்காலத்தில் அச்சாளரத்துக் கதவைத் தாழிட்டு மூடிவைத்தனரென்றும் புலவர் சொல்கின்றார். அஃதாவது, ஒரே மாளிகையில் பருவத்துக்கு ஒரு பள்ளி. காற்று வேண்டுமெனில் திறப்பதும் வேண்டாவெனில் அடைப்பதும் முறை. சாளரத்துக்குக் காலதர் என்றும் ஒரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வேடிக்கை பார்க்கும் துளை என்று பொருளில்லை. புதுமண்டப வரைபடத்தில் முகப்பு முழுதும் கண்ணாடி. அதில் ஓரிடத்திலேனும் திறக்கும் கதவு இல்லை. அதற்குக் காலதர் என்று பெயரிடத் தமிழில் இடமில்லை.

நம் ஊரிலேயே வேறு சான்றும் உண்டு. கார்த்திகைத் தீபத்துக்கு வருவோர் ஆயிரக்கால் மண்டபத்தில் ஒதுங்கி நின்றிருப்பர். கோடையில் அங்கு நின்றவர்க்கே அதன் அருமை புலனாகும். கனத்த கற்கூரை, திறந்த பக்கங்கள், இரவெல்லாம் ஊடாடும் காற்று ஆகிய இம்மூன்றும் கூடியவிடத்துக் குளிர்ச்சி உண்டு. கல் ஒன்றே போதுமென்று நினைத்தலும் பிழை. இரமண மகரிஷிகள் 1899 முதல் 1916 வரை மலைமேல் விருபாட்ச குகையில் இருந்தார்கள். அக்காலத்துக் கோடை நாட்களில் அதனை விட்டுக் கீழேயுள்ள மாமரக் குகைக்கு வந்து தங்குவது வழக்கம். நீரும் நிழலும் அற்றவிடத்தில் குகையும் ஒரு வெப்ப அறையே. 1916-இல் அவர்கள் சென்று தங்கிய ஸ்கந்தாசிரமத்துக்கு அருகிலோ ஓர் ஊற்று உண்டு, மரங்களும் உண்டு.

இவ்வளவு கூறியதனால், பழையதெல்லாம் நன்றென்று சொல்ல வந்தேனென்று கொள்ளற்க. பழைய வீடுகளின் இருளும், புகை மண்டிய அடுக்களையும், விட்டத்தை அரித்த கரையானும், ஐப்பசி மழையின் ஒழுக்கும் யான் அறியாதன அல்ல. திண்ணையைப் பற்றி இக்காலத்தில் உருகிப் பேசுவோர் பலர். எல்லா வழிப்போக்கர்க்கும் எல்லாத் திண்ணையும் திறந்திருந்ததில்லை என்பதையும் உடன் நினைக்கவேண்டும். நமக்கு வேண்டுவது பழைய வீடன்று. அவ்வீட்டில் வெப்பம் தடுக்கப்பட்ட முறை யாது, அதனை இக்காலப் பொருள்கொண்டு செய்தல் யாங்ஙனம் என்பதே.

அதற்கு எடுத்துக்காட்டாகப் புதுச்சேரியிலுள்ள ஒரு கட்டடத்தைச் சொல்வேன். நம் ஊரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நம் சபையார் ஒரு பகலிற் சென்று மீளலாம். அரவிந்தர் ஆசிரமத்தாரின் தங்கும் விடுதி. கோல்கொண்டா என்பது பெயர். ஐதராபாத்துத் திவானாயிருந்த சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் நன்கொடை வந்தமையின் அப்பெயர் இட்டனர். செக் நாட்டிற் பிறந்த அந்தோனின் ரேமண்டு என்னும் சிற்பியார் அதனை வகுத்தார். ஜார்ஜ் நாகஷிமா, பிரான்டிஷெக் சாமர் என்னும் இருவர் உடனிருந்து வேலையை நடத்தினர். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் முடிந்தது. முழுதும் கான்கிரீட்டே! கான்கிரீட்டு என்பதனாலேயே ஒரு கட்டடம் சுடவேண்டுமென்பதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. நீண்ட முகங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும் நோக்கியவை. கிழக்கும் மேற்கும் குறுகியவை. தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட்டு ஓடுகளால் இன்னொரு கூரை போட்டு, இரண்டுக்கும் இடையே காற்றோட விட்டிருக்கின்றனர். வெயிலை மேற்கூரை தாங்குகின்றது. சூடேறிய காற்று இடைவெளியால் ஓடிவிடுகின்றது. கீழ்த்தளம் நிழலில் இருக்கின்றது. சுவருக்குப் பதிலாகத் திருப்பத்தக்க பலகைகள், மேலிருந்து கீழ்வரை. வெயில் வரின் சாய்த்துவிடலாம்; மழை வரின் மூடலாம்; காற்று வேண்டின் திறக்கலாம். அறைக்கும் நடைவழிக்கும் இடையே இடைவெளி விட்டுச் சட்டமடித்த தேக்குக் கதவுகள். மறைவும் உண்டு, காற்றும் உண்டு. எண்பது ஆண்டுக்கு முன்னர், குளிர்சாதனத்தை நம்பாமல் அமைந்த கட்டடம் இது.

ஆயினும் அதனை அப்படியே இங்குப் பெயர்த்து வைக்கலாகாது. புதுச்சேரி கடற்கரை, அங்குக் காற்றில் ஈரம் மிகுதி, இரவும் பகலும் வெப்பத்தில் பெரிதும் வேறுபடா, ஆதலின் அங்கு வேண்டுவது எந்நேரமும் காற்றோட்டம். நாமோ உள்நாட்டார். நம் சித்திரைப் பகலில் வெளிக்காற்று அனல். அதனை உள்ளே விடுதல் வலியத் துன்பத்தை அழைத்தலாகும். சன்னலைப் பகலில் திறந்து வைத்தால் குளிரும் என்று எண்ணுவோர் நம்மிற் பலர். கனத்த சுவருடைய வீட்டில் காலை ஒன்பது மணிக்கு மூடிவிட்டு, பொழுது சாய்ந்து வெளிக்காற்று தணிந்தபின் திறந்து, விடியும்வரை திறந்தே வைத்தல்தான் தக்கது. இரவுக் குளிர்ச்சியைச் சுவர் சேர்த்து வைத்துக்கொண்டு மறுநாட் பகலிற் செலவு செய்யும். கொசுவுக்கு அஞ்சி இரவில் மூடுகின்றோம். சன்னலுக்கு வலையடித்தால் அவ்வச்சம் இல்லை. வறண்ட காற்றுக்கு ஏற்றது இன்னொன்று, வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுதல். கடற்கரையில் அது பயன்படுவது குறைவு. நமக்குப் பங்குனியிலும் சித்திரையிலும் நன்கு பயன்படும்.

இனிச் செலவைக் குறைத்துக் கட்டுதற்கு வழிகாட்டிய ஒருவரைக் கூறவேண்டும். இலாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரிற் பிறந்தவர். நம் நாட்டுக்கு வந்து காந்தியடிகளைக் கண்டு, இங்கேயே தங்கி, திருவனந்தபுரத்தில் 2007-இல் மறைந்தார். 1990-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பரப்பிய முறைகளுள் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, ஒன்பதங்குலச் சுவருக்குள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. நூற்றுக்கு ஏறத்தாழ 25 செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். மற்றொன்று ஓடு பொதிந்த தளம். கான்கிரீட்டு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. தளத்தின் அடிப்பகுதியில் இழுப்பைத் தாங்குவது கம்பியே. ஆகவே அடியில் கம்பிகளின் இடையே உள்ள கான்கிரீட்டு, வேலை செய்யாமற் கூலி வாங்கும் ஆளைப் போன்றது. அவ்விடத்தில் பழைய சீமை ஓட்டை வைத்து வார்த்தால் கான்கிரீட்டும் குறையும், கனமும் குறையும், ஓட்டின் வளைவில் நிற்கும் காற்று வெப்பத்தையும் தணிக்கும். இவற்றுக்குக் கைதேர்ந்த கொத்தன் வேண்டும் என்பது உண்மை. அத்தகையோர் இன்று பலர் பயின்றிருக்கின்றனர். ஆரோவில்லில் உள்ள மண் கட்டட நிலையத்தாரும் 1989 முதல், மண்ணோடு நூற்றுக்கு ஐந்தளவு சிமெண்டு கலந்து பொறியில் அழுத்தி, சூளையில் வேகவையாமலே கல் செய்து கட்டுதலைக் கற்பித்து வருகின்றனர்.

வேகவையாமை என்பது சிறு செய்தியன்று. சிமெண்டு ஆவதற்குச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சுடுகின்றனர். உலகில் மாந்தர் வெளிவிடும் கரிவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு அவ்வொரு தொழிலினின்றே வருவது. செங்கற் சூளையோ ஏரி வண்டலையும் வயலின் மேல்மண்ணையும் தின்கின்றது. இவ்வளவும் செலவிட்டு ஆக்கிய கட்டடம் ஒன்று ஏற்கனவே நம் கையில் இருக்கின்றது. அதனை இடித்தால் அச்செலவு அனைத்தும் குப்பை வண்டியில் ஏறிப் போகும். இக்கூடத்தின் தேக்கு விட்டத்தை இன்று வாங்கப் புகுந்தால் நம் சங்கத்தின் வைப்பு நிதி போதாது.

கண்ணாடி முகப்பைப் பற்றிச் சிறிது சொல்லி மேற்செல்வேன். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். வெயில் பட்டுச் சூடேறிய பொருள்கள் திரும்ப வெளிவிடும் வெப்பத்தை எளிதில் வெளியே போகவிடாது. குளிர்நாட்டார்க்கு அது வரம். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல், உலையே மிகச் சிறிதாகப் போதுமான வீடு கட்டினர்; தெற்கு நோக்கிய கண்ணாடியால் குளிர்கால வெயிலை வாங்கி, கனத்த போர்வை போன்ற சுவரால் அவ்வெப்பத்தைப் போகாமற் காத்தனர். அவர்கள் அறிவு போற்றத்தக்கது. அவ்வறிவு என்னவெனின், தம் ஊரின் ஞாயிறும் குளிரும் எத்தகையவென்று பார்த்துக் கட்டியது. நாம் அவர்களிடம் கடன் வாங்கவேண்டுவது அதனையே, கண்ணாடியையன்று. அவர்கட்கு வெப்பம் வரவு, நமக்கு அது கடன். நம் அரசினரும் 2007-இல் பெருங்கட்டடங்கட்கும், 2018-இல் குடியிருப்புகட்கும் மின்சாரச் சிக்கன விதிகளை வகுத்தபொழுது, சுவரும் கூரையும் கண்ணாடியும் உள்ளே விடும் வெப்பத்துக்கு அளவு குறித்திருக்கின்றனர்.

நம் சபையில் மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர், "இக்காலத்தில் குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தை யார் கல்யாணத்துக்கு எடுப்பர்?" என்று என்னிடம் கேட்டார். வினா தக்கதே, எளிதாக ஒதுக்கத் தக்கதன்று. ஆயினும் கணக்கையும் பார்க்கவேண்டும். ஒரு டன் குளிர்ச்சிக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்டு மின்சாரம் செலவாகும். அவ்வொரு யூனிட்டில், 30 வாட்டு இழுக்கும் புதுவகை மின்விசிறிகள் முப்பத்துமூன்று ஒரு மணி நேரம் சுழலும். வரைபடத்திற் குறித்துள்ள டன்னை நம் கல்யாணங்கள் நடக்கும் மணியாற் பெருக்கிப் பாருங்கள். அக்கட்டணத்தை யார் கொடுப்பது? வாடகையில் ஏற்றியாகவேண்டும். வங்கிக் கடனின் வட்டியும் அதனோடு ஏறும். இன்று நெசவு வேலையிலும் கடைச் சிப்பந்தி வேலையிலும் உள்ள நம் இனத்தார், பெண்ணின் கல்யாணத்துக்கு வேறு மண்டபம் எடுக்க இயலாமலன்றோ இச்சத்திரத்துக்கு வருகின்றனர்? தீபத்துக்கு வருவோர் ஒருநாள் தங்கக் கொடுக்கும் சிறு தொகையும் அப்பொழுது போதாது. சத்திரம் யாருக்கென்று எடுக்கப்பட்டதோ அவர்கள் வாயிலுக்கு வெளியே நிற்பர். நாம் உள்ளே குளிர்ந்திருப்போம்.

மேலும், முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலத்தது. அந்நேரத்தில் நம் ஊரில் வெப்பம் பெரிதில்லை. இடர் தருவது மாலை வரவேற்பு. அது தளத்துச் சூடு கீழே இறங்கும் வேளை. ஆகவே கூரையைக் காத்தால் பாதி வேலை முடிந்தது. மணமக்கள் அறை, முதியோர் அமரும் அறை ஆகிய இரண்டுக்குக் குளிர்சாதனம் வைப்பதை யான் தடுக்கவில்லை. 24 பாகைக்குக் கீழே தாழ்த்தாமல், விசிறியோடு சேர்த்து நடத்தினால் போதும். ஒரு பாகை ஏற்றி வைத்தால் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சம் என்று அரசினரின் மின்சிக்கனத் துறையார் கூறுகின்றனர்.

ஆகவே சபையார்முன் யான் வைக்கும் வேண்டுகோள், இடிக்கவேண்டாம், செப்பஞ் செய்வோம் என்பது. முன்கட்டில் வேலை சிறிதே. சுவரின் அடியில் உப்புப் பூத்து உதிர்கின்றதே, அது சுவரின் குற்றமன்று. சில ஆண்டுக்கு முன் அதன்மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசியதன் பயன். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையினின்று ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமெண்டு அதனை அடைத்துவிட, ஈரம் உள்ளேயே நின்று உப்பாகித் தள்ளுகின்றது. அப்பூச்சைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்பே மீண்டும் பூசவேண்டும். தளத்தில் உடைந்த தட்டோடுகளை மாற்றவேண்டும். முற்றத்தின்மேல் யாரோ போட்ட பிளாஸ்டிக்குத் தகட்டை எடுத்துவிட்டு, பக்கங்கள் திறந்த சிறு கூரையாக உயர்த்தினால் மழையும் வராது. கூடத்துச் சூட்டுக் காற்றும் மேலெழுந்து போகும்.

பின்கட்டுக்குத்தான் வேலை மிகுதி. முதலில் தளத்தைத் தேய்த்துப் பாசி நீக்கி வெண்பூச்சு அடித்தல். புதுச் சுண்ணாம்பு வெயிலின் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஆண்டுதோறும் அடிக்கவேண்டுமே என்பர், அடிப்போம். நம் வீட்டுக் கோலத்தையும் நாள்தோறும் அன்றோ இடுகின்றோம்? அகமதாபாத்து நகரத்தார் வெப்பக் காப்புத் திட்டத்தின்கீழ் ஏழைகளின் வீட்டுக்கூரைகட்கு இவ்வாறு வெள்ளையடிப்பித்தனர். தெலங்கானா அரசினர் 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டனர். பணம் சேர்ந்தபின் ஜல்லித் தளமும் தட்டோடும் போட்டு, அதன்மேல் உடைந்த வெள்ளைப் பீங்கான் சில்லுகளைப் பதிக்கலாம். ஓடு விற்போரிடம் அச்சில்லு மலிவாகவே கிடைக்கும். மேற்குச் சுவரை ஒட்டி, ஓரடி விலகி, மூங்கிற் பந்தலிட்டுக் கொடி ஏற்றலாம். அப்பாலுள்ள வெற்றிடத்தில் வேம்பும் புங்கும் வைக்கலாம். வேம்பு வளரும்வரை பந்தல் காக்கும். விடுதியின் பழைய விசிறிகள் ஒவ்வொன்றும் 75 வாட்டு, புதியன 30. நாற்பது விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் முன்னதற்கு 30 யூனிட்டு, பின்னதற்கு 12.

சூரிய மின்தகடு வைக்கலாமேயென்று இளைஞர்கள் கேட்கின்றனர். வைக்கலாம், அது தளத்துக்கு நிழலுமாகும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் வேண்டும். நாளொன்றுக்கு நான்கு யூனிட்டு அளவு தரும். ஆனால் ஓட்டைக் குடத்தை அடைத்துவிட்டு நீர் மொள்வதே முறை. தேவையைக் குறைத்தபின் தகட்டை எண்ணுவோம். 2024 பிப்பிரவரியில் மத்திய அரசினர் தொடங்கிய திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்வரை மானியம் வகுத்தது வீடுகளின் பொருட்டு, சத்திரத்துக்கன்று. உங்கள் வீடுகளைப் பற்றி நீங்கள் ஆராயும்போது அது பயன்படலாம்.

நீரையும் ஒரு சொல்லிற் சொல்லி முடிப்பேன். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேமிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். நம் பின்கட்டுக் குழாய்களோ சாக்கடையில் விழுகின்றன. ஒரு சதுர மீட்டர்த் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீராகும். நம் ஊரில் ஆண்டு மழை ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர். நூறு சதுர மீட்டர்த் தளத்திலிருந்து எவ்வளவு வருமென்பதை விடுதிப் பிள்ளைகள் என்னைவிட விரைவிற் கணக்கிட்டுவிடுவர். முற்றத்துக் கிணறு பத்தடி தூரத்தில் இருக்கின்றது.

வரைபடத்தின் மதிப்பீட்டோடு, செப்பஞ் செய்வதற்கான மதிப்பீட்டையும் இரண்டு மேஸ்திரிகளிடம் எழுதி வாங்கிச் சபையாரிடம் இன்று கொடுத்திருக்கின்றேன். இரண்டையும் அருகருகே வைத்து மாசி மாதக் கூட்டத்தில் எல்லா உறுப்பினரும் பார்க்கவேண்டும். தீர்ப்பு எதுவாயினும் ஆகுக. பின்கட்டுத் தளத்துக்கு வெண்பூச்சு மட்டும் அதுவரை காத்திருத்தல் ஆகாது. அதற்கு ஆகும் செலவு சிறிது. இரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு விடுதிப் பிள்ளைகள் துடைப்பமும் வாளியும் கொண்டு தளம் தேய்க்கத் தொடங்குகின்றனர். சுண்ணாம்பு வாங்கியாயிற்று. ஏணி ஒன்று குறைகின்றது. வைத்திருப்போர் சனிக்கிழமை மாலையே அனுப்பி உதவ வேண்டுகின்றேன்.